பரணில் கிடக்கும் இரண்டு போர்டிலிருந்து ஒரு குரூசர்

கேள்வியை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். வீட்டுப் பரணில் இரண்டு பழைய ஸ்கேட்போர்டுகள் கிடக்கின்றன. ஒன்று, பலகை நடுவில் முறிந்துபோன வழக்கமான போர்டு. இன்னொன்று, 22 அங்குல பிளாஸ்டிக் குட்டி போர்டு. அலமாரி வேலையில் மிச்சமான 12 மி.மீ. பிளைவுட்டும் இருக்கிறது. இவற்றை வைத்து, தெருமுனைக் கடை வரை போய்வர ஒரு குரூசர், அதாவது வித்தைக்கு இல்லாமல் சும்மா உருட்டிக்கொண்டு போகிற போர்டு, செய்ய முடியுமா, அதையே 11 வயதுப் பையனும் ஓட்டலாமா?

முடியும். உங்களிடம் இருப்பது நல்ல சேர்க்கைதான். முறிந்த போர்டின் டிரக்குகள் (பலகைக்கு அடியில் வீல்களைத் தாங்கும் அச்சுத் தொகுதிகள்) உதவும், வீல்கள் நம் தெருவுக்கு ஆகாது. குட்டி போர்டின் வீல்கள் ஆகும், டிரக்குகள் ரொம்பக் குறுகல், பெரிய ஆள் ஏறி நின்றால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆக, டிரக்கை இதிலிருந்தும் வீலை அதிலிருந்தும் எடுத்து, மேலே ஒரு பலகையைப் போட வேண்டியதுதான். முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் பலகையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். வடிவம் வரைவார்கள், என்ன பெயின்ட் என்று யோசிப்பார்கள். பலகை சுமாராக இருந்தாலும் போர்டு ஓடும், டிரக் பத்து வருடப் பழசாக இருந்தாலும் ஓடும், வீல் தப்பாக இருந்தால் அந்தப் போர்டு திரும்பவும் பரணுக்குத்தான் போகும். கையைக் கடிக்காமல் ஒரே ஒரு பொருளைப் புதிதாக வாங்கலாம் என்றால் அது வீலாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வித்தை செய்கிற போர்டுகளில் வருகிற வீல் 50 முதல் 54 மி.மீ. விட்டம் இருக்கும், கடினம் 99ஏ அல்லது அதற்கு மேல். இந்த ‘ஏ’ என்பது ரப்பர், யூரித்தேன் (ஸ்கேட்போர்டு வீல் செய்கிற, ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்) போன்றவற்றின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் அளவு; எண் ஏற ஏற வீல் கெட்டி. வழவழப்பான சிமென்ட் தரையில், ஸ்கேட் பார்க்கில் இந்தக் கெட்டி வீல்தான் வேகமாக உருளும். சல்லி துருத்திக்கொண்டிருக்கும் தார் ரோட்டில் கதை வேறு. கெட்டி வீல் ஒவ்வொரு சல்லியின் மேலும் ஏறி இறங்கும், அதோடு போர்டும் நீங்களும் ஏறி இறங்குவீர்கள். நீங்கள் காலால் தள்ளிய வேகம் எல்லாம் அந்த உதறலிலேயே தீர்ந்துபோய், பத்தடிக்கு ஒருமுறை தள்ள வேண்டியிருக்கும். பாதம் மரத்துப்போகும், சத்தமும் காதைக் கிழிக்கும். மெத்தென்ற வீல் சல்லியைத் தனக்குள் அமுக்கி வாங்கிக்கொண்டு, மட்டத்தை விடாமல் உருளும். குரூசருக்கு 58 முதல் 65 மி.மீ., 78ஏ முதல் 85ஏ வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குட்டி போர்டு மாதிரியானவற்றில் பெரும்பாலும் 59, 60 மி.மீ. மெது வீல்தான் வரும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வரலாறும் துணை நிற்கிறது. 1950களில் கலிபோர்னியாப் பையன்கள் ரோலர் ஸ்கேட்டை இரண்டாகப் பிரித்து, முன்பாதியைப் பலகையின் ஒரு முனையிலும் பின்பாதியை மறுமுனையிலும் ஆணியடித்து ஓட்டினார்கள். ஆரம்பமே பழைய பாகத்தில்தான், கடைப் போர்டு எல்லாம் பிற்பாடு வந்தது. அந்த வீல் இரும்பு. 1960களில் களிமண் கலவையில் செய்த வீல் வந்தது, கொஞ்சம் பிடிமானம் கூடியதே தவிர, சின்னக் கல் குறுக்கே வந்தாலும் போர்டு அப்படியே நின்றுவிடும், மேலே நின்றவர் முன்னால் போய் விழுவார். 1965 வாக்கில் உச்சத்துக்குப் போன மோகம் கிட்டத்தட்ட உடனே சரிந்ததற்கும், பல அமெரிக்க நகரங்கள் அதைத் தடை செய்ததற்கும் இந்த விழுதல்களுக்குப் பங்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் வர்ஜீனியாவில் பர்செல்வில் என்ற ஊரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பட்டறையில், ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்து வைத்திருந்த யூரித்தேன் வீல்களைப் பார்த்தார். தன் பழைய போர்டில் மாட்டிப் பார்த்தார், வித்தியாசம் புரிந்துபோனது. கலிபோர்னியாவுக்குப் போய் கேடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். ஸ்கேட்போர்டுக்கென்றே அகலமான டிரக் வடிவமைக்கத் தொடங்கியது அதற்குப் பின்னால், 1970களின் நடுவில்தான். செத்துக் கிடந்த விளையாட்டை எழுப்பியது வீல்.

சரி, உங்கள் குட்டி போர்டின் வீல் நிஜ யூரித்தேனா, வெறும் பொம்மை பிளாஸ்டிக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல மெது வீல் லேசாக அமுங்கி உடனே திரும்பும். பொம்மை வீலில் நகம் வழுக்கும், தரையில் போட்டால் ‘டக்’ என்று செத்த சத்தம் வரும், யூரித்தேன் துள்ளும். பல வருடம் பரணில் கிடந்த வீலாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில வகை யூரித்தேன் ஈரக்காற்றில் நாள்பட நாள்பட வேதியியல் ரீதியாகவே சிதைந்துபோகும். பீரோவில் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் மாவாக உதிர்வதும் இதனால்தான். வீல் பிசுபிசுத்தாலோ, மேல்தோல் வெடித்துச் சில்லு பெயர்ந்தாலோ தயங்காமல் தூக்கிப் போடுங்கள். லேசான மஞ்சளும் கீறலும் பரவாயில்லை. வீல் தேறவில்லை என்றால் வெளியில் ஓட்டுகிற நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டின் வீலைத் தேடலாம், அவற்றிலும் 62, 65 மி.மீ. 78ஏ அளவு சகஜம். ஒரே வரிசையில் சக்கரம் இருக்கும் இன்லைன் ஸ்கேட் வீல் வேண்டாம். பேரிங் சரியாகப் பொருந்தும், அதனால் ஆசை வரும். ஆனால் அது ஒடுக்கமாக, உருண்டையான விளிம்போடு இருக்கும், பக்கவாட்டு எடையைத் தாங்க அதைச் செய்யவில்லை.

அடுத்தது டிரக். முறிந்த போர்டில் இருப்பது அலுமினிய வார்ப்பா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பொம்மைக் கடை போர்டுகளில் டிரக்கின் அடித்தட்டு, அதாவது பலகையோடு போல்ட் போடுகிற பகுதி, பிளாஸ்டிக்காக இருப்பதுண்டு, அதை நம்பி ஏறாதீர்கள். அலுமினியம்தான் என்றால் முழுவதும் பிரித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் பெரிய போல்ட்டுக்குப் பெயர் கிங்பின். அதன் நட்டு 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ., நம் வீட்டில் இருக்கும் 14 ஸ்பானர் நுழையாது, 15 போட்டால் சுற்றி முனையைத் தின்றுவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் போதும். கழற்றினால் கையில் வருவது, டி எழுத்து மாதிரியான ஹேங்கர், இரண்டு யூரித்தேன் புஷ் (கிங்பின்னைச் சுற்றி உட்காரும் மெத்தென்ற வளையம்), இரண்டு கிண்ண வாஷர், ஹேங்கரின் மூக்கு உட்காரும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம். புஷ் வெடித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், போர்டு திரும்புவதும் திரும்பி நேராவதும் அதன் கையில்தான் இருக்கிறது. கிண்ணம் கீச்சிட்டால் கொஞ்சம் மெழுகோ சோப்போ சீவிப் போடுங்கள், அடங்கிவிடும். கிங்பின்னில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த டிரக் குப்பை. ஓடும்போது அது முறிந்தால் முன்பக்கம் தரையில் குத்தும். அச்சு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, வீல் இல்லாமல் அச்சின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சில பழைய டிரக்கில் அச்சு வளையாமல் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும், ஒரு பக்கம் வீல் ஆடும், இன்னொரு பக்கம் இறுகும். நீண்டுநிற்கும் முனையில் நட்டை முனைக்குச் சமமாகத் திருகி, அதன் மேல் மரத்துண்டை வைத்து அடித்தால் நடுவுக்கு வந்துவிடும். நட்டு இல்லாமல் அடித்தால் மரை போய்விடும்.

மரை என்றதும் ஞாபகம் வருகிறது, பழைய பாகத்தில் வேலை செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அச்சின் தடிமன் 8 மி.மீ. என்றுதான் எல்லாரும் சொல்வோம், ஆனால் மரை மெட்ரிக் இல்லை. 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, யுஎன்எஃப் என்கிற நெருக்கமான மரை. பக்கத்து ஹார்டுவேர் கடையில் எம்8 நட்டைக் கொடுப்பார்கள், முதல் சுற்று ஏறுவது மாதிரி இருக்கும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் அச்சின் மரை நாசம். அந்த அளவு நட்டுக்குப் பழைய வண்டி ஸ்பேர் கடைகளைத்தான் நாட வேண்டும். அம்பாசடர், பழைய ஜீப் எல்லாம் அங்குல மரையில் வந்த வண்டிகள், அவற்றுக்கு போல்ட் நட் வைத்திருப்பவர்களுக்கு ‘5/16 யுஎன்எஃப், லாக் நட்’ என்றால் புரியும். சென்னை என்றால் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். மரை கொஞ்சம்தான் நசுங்கியிருக்கிறது என்றால் லேத் பட்டறையில் அதே அளவு டையை (மரை வெட்டும் கருவி) ஓட்டிக் கொடுக்கச் சொல்லலாம், ஐந்து நிமிட வேலை.

பேரிங் விஷயத்தில் அதிர்ஷ்டம் நம் பக்கம். உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்கேட்போர்டிலும் அநேகமாக ஒரே பேரிங், 608. உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. தொழிற்சாலைச் சாமான் விற்கும் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், ஸ்கேட்போர்டுக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லுங்கள், மலிவாக முடியும். எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்று இருந்தால் இருபுறமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. நம் ஊர்ப் புழுதிக்கு ரப்பர் மூடிதான் என் தேர்வு. புதிதில் உள்ளே கெட்டி கிரீஸ் இருப்பதால் கையால் சுற்றினால் சீக்கிரம் நிற்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எடை ஏறி நாலு நாள் ஓடினால் இளகிவிடும். பெட்டியில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அளவுத் துல்லியத்தைச் சொல்கிற எண், அதிவேகத்தில் சுழலும் இயந்திரங்களுக்கு முக்கியம், கடைக்குப் போய் முட்டை வாங்கிவருகிற வேகத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை. பழைய பேரிங் கரகரத்தால் மூடியை ஊசியால் நெம்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகித் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் போட்ட பிறகும் தடுக்கிறது, அல்லது துரு குழி விட்டிருக்கிறது என்றால் புதிது வாங்கிவிடுங்கள்.

இனி பலகை. கடைப் போர்டு பெரும்பாலும் ஏழு அடுக்கு மேப்பிள், மொத்தம் 10, 11 மி.மீ. தடிமன்தான். அதே தடிமன் பிளைவுட் ஏன் அதே பலம் தராது? மர வகை ஒரு காரணம். இன்னொன்று, ஸ்கேட்போர்டில் ஏழில் ஐந்து அடுக்கு நீளவாக்கில், இரண்டு மட்டும் குறுக்காக. அலமாரி பிளைவுட்டில் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காகப் போகும், நீளவாக்கில் வளையும்போது பாதி அடுக்கு வேலையே செய்யாது. ஆகவே உங்கள் 12 மி.மீ. பிளையின் விளிம்பை முதலில் நன்றாகப் பாருங்கள். அடுக்குகள் நிறைய, மெல்லியதாக, இடையில் ஓட்டை இல்லாமல் இருந்தால் நல்ல சரக்கு. ஐஎஸ் 710 என்று முத்திரை இருந்தால் அது மரைன் பிளை, பசை தண்ணீருக்குத் தாங்கும். ஐஎஸ் 303 சாதாரண வகை, அதை வைத்துச் செய்வதானால் அடியில் 6 மி.மீ. பிளை ஒன்றைச் சேர்த்து ஒட்டி 18 ஆக்கிவிடுங்கள். பெரிய ஆள் ஓட்ட எப்படியும் அதுதான் நிம்மதி. ஒட்டும்போது தண்ணீருக்குத் தாங்கும் ஃபெவிகால் வகையைப் பரப்பி, சமதரையில் வைத்து, மேலே கிடைக்கிற கனத்தை எல்லாம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மேல்பரப்பு மரத்தின் ரேகை போர்டின் நீளவாக்கில் ஓட வேண்டும், வெட்டும்போது இதை மாற்றிவிட்டால் மொத்தமும் வீண்.

பழைய தேக்குக் கதவுப் பலகை கிடைத்தால் அதுவும் அருமையாக இருக்கும், 18, 20 மி.மீ. கனத்தில், முடிச்சு இல்லாத துண்டாக. ஒற்றை மரத்தில் ஒரு ஆபத்து உண்டு, ரேகையோடு பிளக்கும், அதிலும் இரண்டு போல்ட் துளை ஒரே ரேகையில் வந்தால் அங்கிருந்துதான் பிளவு தொடங்கும். கீழே குறுக்காக ஒரு மெல்லிய பிளைத் துண்டை ஒட்டினால் கவலையில்லை. கம்ப்யூட்டர் மேஜைப் பலகை, பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இவை எதையும் தொடாதீர்கள். பார்க்கக் கனமாக இருக்கும், துளை போட்ட இடத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும். முறிந்த உங்கள் பழைய பலகையைப் பசை போட்டு ஒட்டலாமா என்ற யோசனையும் வேண்டாம். இரண்டு டிரக்குக்கும் நடுவில் முறிந்தது முறிந்ததுதான். மூக்கு மட்டும் உடைந்திருந்தால் அதைச் செதுக்கிச் சின்ன குரூசராக்கியிருக்கலாம்.

அளவுக்கு வருவோம். நீளம் 28 முதல் 30 அங்குலம் போதும். அகலத்தை டிரக்தான் முடிவு செய்கிறது. அச்சின் முனையிலிருந்து முனை வரை அளந்து, பலகையும் அதே அளவு, அல்லது கால் அங்குலம் கூடக் குறைய இருக்கட்டும். வழக்கமான போர்டில் இது எட்டு, எட்டே கால் அங்குலம் இருக்கும். முன் டிரக்கின் உள்பக்கத் துளைக்கும் பின் டிரக்கின் உள்பக்கத் துளைக்கும் உள்ள தூரத்தை 15 அங்குலம் வையுங்கள். தூரம் குறைந்தால் நறுக்கென்று திரும்பும் ஆனால் பதற்றமாக இருக்கும், கூடினால் நிதானம் வரும் ஆனால் பலகை நடுவில் தொய்யும். வால் பக்கம் மேலே வளையவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், 1960களின் கடைசி வரை எல்லா போர்டும் தட்டைதான். வளைவு கட்டாயம் வேண்டும் என்றால் மூன்று நான்கு மி.மீ. மெல்லிய பிளைகளை வார்ப்பு மோல்டில் வளைத்து ஒட்ட வேண்டும், அது தனிக் கலை, முதல் போர்டுக்கு வேண்டாம்.

துளை போடுவதில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையின் நடுக்கோட்டை நூல் பிடித்து, கூர்மையான பென்சிலால் முனை முதல் முனை வரை போடுங்கள். டிரக் துளைகள் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சமமாக உட்கார வேண்டும், ஒரு டிரக் இரண்டு மி.மீ. கோணலாக உட்கார்ந்தாலும் போர்டு ஆயுளுக்கும் ஒரு பக்கமே இழுக்கும். இன்றைய டிரக்கில் துளைகள் நீளவாக்கில் 54 மி.மீ., குறுக்கே 41 மி.மீ. இடைவெளியில் இருக்கும். 1990களுக்கு முந்தைய டிரக் உங்கள் கையில் சிக்கினால் நீளவாக்கு இடைவெளி 63.5 மி.மீ., சில அடித்தட்டுகளில் இரண்டுக்கும் சேர்த்து ஆறு துளை போட்டிருப்பார்கள். முறிந்த பலகையின் துளைகள் மேலேயே ஒரு தாளை வைத்துத் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்வது அளப்பதைவிடச் சுலபம். 5 மி.மீ. பிட் போட்டு, மேலிருந்து கீழாக, அடியில் ஒரு கழிவுக்கட்டையை வைத்துத் துளையுங்கள், கட்டை இல்லாவிட்டால் அடிப்பக்கம் சிம்பு தெறிக்கும். பிறகு பெரிய பிட்டைக் கையால் சுற்றி, போல்ட் தலை புதையும் அளவுக்கு மட்டும் குழி எடுங்கள்.

பெரிய வீல் போட்டதும் ஒரு சிக்கல் வரும். சாய்ந்து திரும்பும்போது வீல் பலகையின் அடியில் உரசும், உரசினால் அந்த வீல் அப்படியே பூட்டிக்கொள்ளும், நீங்கள் மட்டும் பயணத்தைத் தொடர்வீர்கள். அதற்காகத்தான் டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ரைசர் என்ற தட்டு. 60 மி.மீ. வீலுக்கு 6 மி.மீ. தடிமன் இருந்தால் சரியாக இருக்கும். தனியாக வாங்க வேண்டியதில்லை, சமையலறையில் காய் நறுக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை பழசாகியிருந்தால் அதிலேயே வெட்டிக்கொள்ளலாம், கெட்டியாகவும் இருக்கும், தண்ணீரும் ஏறாது. மெத்தையான ரப்பர் மேட்டில் வெட்டாதீர்கள், அது நசுங்க நசுங்க போல்ட் தளரும். போல்ட்டுக்கு எம்5, தலை புதையும் வகை, நைலான் வளையம் உள்ள லாக் நட்டோடு. அசல் அளவு 10-32 என்கிற அங்குல அளவுதான், ஆனால் இங்கே போல்ட், நட்டு இரண்டையும் நாமே மாற்றுவதால் எம்5 தாராளமாகப் பொருந்தும். நீளத்தைக் கூட்டிப் பாருங்கள், பலகை 18, ரைசர் 6, அடித்தட்டு 5, நட்டு 5, மொத்தம் 34. ஆகவே 40 மி.மீ. போல்ட். வெறும் 12 மி.மீ. பலகை என்றால் 35 போதும்.

மாட்டும்போது இரண்டு டிரக்கின் கிங்பின் நட்டுகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், அதாவது போர்டின் நடுப்பக்கம். வழக்கமான டிரக்கை மாற்றி வைத்தால் இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் போகும், ஒரு நிமிடம் வேடிக்கையாக இருக்கும், அடுத்த நிமிடம் கீழே கிடப்பீர்கள். பேரிங்கை வீலுக்குள் சுத்தியலால் அடிக்க வேண்டாம், பேரிங்கை அச்சில் போட்டு அதன் மேல் வீலை உள்ளங்கையால் அமுக்கினால் தானே உட்காரும். கழற்றும்போதும் அச்சு நுனியையே நெம்புகோலாக வைத்து நெம்பலாம். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரும் சின்னக் குழாயையும், வெளியே வரும் மெல்லிய வாஷர்களையும் பழைய போர்டிலிருந்து பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் போடுங்கள், பலர் அதைத் தேவையில்லாத சாமான் என்று தூக்கி எறிகிறார்கள். அச்சு நட்டை முழுக்க இறுக்கிவிட்டு, வீல் லேசாக, மிக லேசாக ஆடும் அளவுக்குத் தளர்த்துங்கள். முடிந்ததும் போர்டை இரண்டு வீல் பக்கமும் செங்கல் வைத்துத் தடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி முழங்காலை மடக்கி அமுக்கிப் பாருங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் அந்தப் பலகை தெருவுக்குப் போகக் கூடாது.

மேற்பரப்புக்கு: விளிம்புகளை அரம், உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டு வார்னிஷ் அடியுங்கள், விளிம்புக்கு மட்டும் மூன்று கோட், பிளைவுட் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். பிடிமானத்துக்கு கிரிப் டேப் வாங்கலாம், அல்லது படிக்கட்டில் வழுக்காமல் இருக்க ஒட்டுகிற கறுப்புச் சொரசொரப்பு டேப் ஹார்டுவேர் கடையிலேயே இருக்கும், கிட்டத்தட்ட அதே சரக்கு. வெறுங்காலில் ஓட்டுகிற ஆசை இருந்தால் கடைசிக் கோட் வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் இன்னொரு கோட் அடிக்கலாம், தோலை உரிக்காது.

ஓட்டுவது பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் முதலில் முன்னே போகிறதோ, அநேகமாக அதுதான் உங்கள் முன்கால். முன்காலை முன் டிரக் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால், விரல்கள் பயணத் திசையைப் பார்க்கும்படி வைத்து, அந்த முழங்காலை மடக்கி, பின்காலால் தரையை நீளமாகத் தள்ளுங்கள். குட்டிக் குட்டித் தள்ளலில் ஆள் தடுமாறுவதுதான் மிச்சம். வேகம் வந்ததும் பின்காலை ஏற்றி, இரண்டு பாதத்தையும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். திரும்ப, உடம்பை வளைக்காமல் கணுக்காலோடு எடையைச் சாய்த்தால் போதும். இதற்கெல்லாம் முன்னால் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். முன்காலில் முழு எடையையும் வைத்து, பின்கால் பாதத்தைத் தட்டையாகத் தரையில் உரசுவதுதான் பிரேக். குதிகாலை மட்டும் வைத்தால் அது மாட்டிக்கொண்டு ஆளைச் சுழற்றிவிடும். இது சமதரையில் தூக்கத்திலும் வருகிற அளவுக்குப் பழகும் வரை சரிவுப் பக்கம் போகவே வேண்டாம். மேம்பாலச் சரிவில் போர்டு வேகமெடுத்துப் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தால் அதிலிருந்து மீள்வது பழகினவர்களுக்கே கஷ்டம். அப்படி நெளிந்தால் எடையை முன்காலுக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் குனியுங்கள், பின்னால் சாய்ந்தால் நெளிவு கூடும். தட்டையான கேன்வாஸ் ஷூ, ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம். ஹவாய் செருப்போடு ஏறாதீர்கள்.

நம் தெருக்களில் குழியைவிட மோசமானது மணல். மழை வடிந்த பிறகு ரோட்டோரத்தில் மெல்லிய மணல் படுகை இருக்கும், பெரிய மெது வீலும் அதில் சட்டென்று பிரேக் போடும். ஓரமாகப் போவது பாதுகாப்பு என்று நினைத்து அதில்தான் எல்லாரும் போய் விழுகிறார்கள். வேகத்தடையில் இறங்கி போர்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்டர்லாக் கல் பதித்த நடைபாதையில் ஓடும், ஆனால் கிட்டிப் போகும் பற்கள். சாக்கடை மூடிக் கம்பிகள் நீளவாக்கில் இருந்தால் சுற்றிப் போங்கள். பெரிய ரோட்டுக்கு இறங்கவே வேண்டாம், விடியற்காலையில் உள்தெரு போதும். அப்புறம் நாய்கள். தூங்குகிற நாய்க்குக் கெட்டி வீலின் கரகரப்பு போர் முழக்கம். மெது வீலில் அந்தத் தொல்லை பாதி குறையும். துரத்த ஆரம்பித்தால் வேகம் எடுக்காமல் இறங்கி, போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள், உருளுகிற பொருள் நின்றதும் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். மழையில் ஓட்டாதீர்கள். நனைந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் வீல்களைச் சுற்றித் தண்ணீரை உதறி, துடைத்து, நிழலில் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாளில் பேரிங் துரு பிடிக்கும்.

பையன் விஷயம். ஒரே போர்டை இரண்டு பேரும் ஓட்டலாமா என்றால் ஓட்டலாம், இருவருக்குமே திருப்தியாக இருக்காது. 75 கிலோ ஆளுக்கு இதமாகச் சாய்கிற புஷ், 35 கிலோ பையனுக்குக் கல் மாதிரி இருக்கும், அவன் என்ன சாய்ந்தாலும் போர்டு நேராகவே போகும். அவனுக்காகக் கிங்பின்னைத் தளர்த்தினால் நீங்கள் ஏறும்போது வீல் உரசும். அதைவிட அவனுக்குத் தனியாக ஒன்று செய்துவிடுங்கள், பாகங்கள் ஏற்கெனவே மிச்சம் இருக்கின்றன. குட்டி போர்டின் குறுகல் டிரக்குகள் சின்ன உடம்புக்குப் போதும். ஆனால் அந்த 22 அங்குலப் பிளாஸ்டிக் பலகை கற்றுக்கொள்பவருக்கு ரொம்பச் சின்னது, காலை எங்கே வைப்பது என்றே தெரியாது. அதற்குப் பதில் உங்கள் பிளைவுட் மிச்சத்தில் 26 அங்குல நீளம், ஆறரை அங்குல அகலத்தில் ஒரு பலகை வெட்டி, அந்த டிரக்குகளைப் போடுங்கள். அவன் எடைக்கு நல்ல 12 மி.மீ. ஒற்றை அடுக்கே தாங்கும். முறிந்த போர்டின் கெட்டி வீல்களை அதில் மாட்டி, அடுக்ககத்தின் கீழ்த்தளத்திலோ மூடிக்கிடக்கும் ஷட்டில் கோர்ட்டிலோ வழவழப்பான தரையில் பழகட்டும். அவன் தெருவுக்கு வரத் தயாரானதும் 78ஏ வீல் நான்கு வாங்கிக்கொடுங்கள், அது வரை அந்தச் செலவும் இல்லை. குட்டி டிரக்கில் வருகிற புஷ் கெட்டியாக இருந்தால் 85ஏ பக்கம் இருக்கிற மெத்தென்ற ஜோடியை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள், அளவு பார்க்கப் பழைய புஷ்ஷைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.